நறுமண எண்ணெய்களுக்கு அறிவியல் சான்று உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடையில் மருந்தாளுநராக நிற்பவரிடம், காய்ச்சல் மாத்திரைக்கும் இருமல் மருந்துக்கும் அடுத்தபடியாக, சின்னஞ்சிறு கண்ணாடி பாட்டில்களில் விற்கப்படும் நறுமண எண்ணெய்களைப் பற்றித்தான் இப்போது அதிகம் விசாரிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்பவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்து, மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் என்ன காட்டுகின்றன என்பதை அவற்றுக்குப் பதிலாகத் தந்திருக்கிறேன்.

எசென்ஷியல் ஆயில் என்றால் என்ன? தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் மாதிரிதானே?

பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கொழுப்புகள். ஒரு சொட்டைத் தாளில் விட்டால் எண்ணெய்க் கறை அப்படியே நிற்கும். யூகலிப்டஸ் தைலத்தை அதே தாளில் விட்டால் சிறிது நேரத்தில் காற்றில் கலந்து பெரும்பாலும் மறைந்துவிடும். செடியின் இலை, பூ, பட்டை, விதை ஆகியவற்றில் இருக்கும் ஆவியாகக்கூடிய வேதிப்பொருள்களை நீராவியில் வடித்து எடுப்பதே நறுமண எண்ணெய். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றில் மட்டும் தோலைப் பிழிந்து எடுக்கிறார்கள்.

யூகலிப்டஸில் சினியோல், கிராம்பில் யூஜினால், பெப்பர்மின்ட்டில் மெந்தால், ஓமத்தில் தைமால், லாவெண்டரில் லினலூல் என்று ஒவ்வொன்றிலும் முதன்மையான வேதிப்பொருள் வேறு. அவை அங்கே இருக்கும் செறிவும் மிக அதிகம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க மூன்று, நான்கு டன் இதழ்கள் தேவைப்படுகின்றன. புதினாத் துவையல் சாப்பிடுவதையும் பெப்பர்மின்ட் எண்ணெயைக் குடிப்பதையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாததற்கு இந்தச் செறிவுதான் காரணம்.

வேலை செய்யுமா, செய்யாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

எந்த எண்ணெய், எந்த வழியில், எந்த அளவில், எந்த உபாதைக்கு என்ற நான்கையும் சொன்னால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்ஸ்யூலாக விழுங்கப்படும்போது குடல் வலியைக் குறைப்பதற்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. அதே எண்ணெயை முகர்ந்தால் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டல் குறையும் என்பதற்குச் சான்று அநேகமாக இல்லை. பாட்டில் ஒன்றுதான், கேள்விகள் இரண்டு.

பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. ஒரு குறிப்பிட்ட கேப்ஸ்யூலை வைத்து நடந்த ஆய்வை விளம்பரத்தில் காட்டிவிட்டு, அதற்குச் சம்பந்தமில்லாத, அறையில் வாசனை பரப்பும் டிஃப்யூசர் கருவிக்கான எண்ணெயை விற்கிறார்கள். இனிவரும் பதில்கள் எல்லாவற்றிலும் இந்த நான்கையும் பிரித்தே பேசுகிறேன்.

பெப்பர்மின்ட் வயிற்றுக்கு நல்லது என்கிறார்களே, அதற்கு ஆய்வு இருக்கிறதா?

இருக்கிறது. நறுமண எண்ணெய்களிலேயே அதிகம் சோதிக்கப்பட்ட பயன்களில் இதுவும் ஒன்று. வயிற்றுவலி, உப்புசம், ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் வயிற்றுப்போக்கு என்று அலைக்கழிக்கும் எரிச்சல் குடல் நோய்க்கு இது பயன்படுகிறது. மெந்தால், குடல் தசைச் செல்களுக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது. 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 12 சோதனைகளில் பங்கேற்ற 835 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மருந்துப்போலி (மருந்தே இல்லாத, பார்வைக்கு மட்டும் மருந்து போன்றது) எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ மூன்று பேர் பெப்பர்மின்ட் எடுத்தால் அதில் ஒருவருக்குக் கூடுதலாக நிவாரணம் கிடைத்தது. மருந்தியலில் இது மதிக்கத்தக்க எண். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், சான்றின் தரம் குறைவு என்ற குறிப்போடு, இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 190 நோயாளிகளிடம் கவனமாக நடத்தப்பட்ட ஒரு சோதனையில், வலி குறைந்தவர்கள் பெப்பர்மின்ட் குழுவில் சுமார் 47 சதவீதம், மருந்துப்போலிக் குழுவில் 34 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால், முதன்மை இலக்கு எட்டப்படவில்லை என்றே ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆகவே பலருக்கு உதவக்கூடியது என்று சொல்லலாம். எல்லோருக்கும் தீர்வு என்று சொல்ல முடியாது.

நல்ல முடிவுகள் பெரும்பாலும் இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும் உறையிட்ட கேப்ஸ்யூல்களில் கிடைத்தவை. எண்ணெயைத் தண்ணீரில் சொட்டுவிட்டுக் குடித்தால், அதே தளர்த்தும் குணம் உணவுக்குழாயின் அடிவாசலையும் தளர்த்தி நெஞ்செரிச்சலை உண்டாக்கும். அமிலம் மேலேறும் தொந்தரவு உள்ளவர்கள் கேப்ஸ்யூலையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் லாவெண்டர் நல்லதா?

இங்கேயும் கேப்ஸ்யூல் வேறு, வாசனை வேறு. லாவெண்டர் எண்ணெயைத் தரப்படுத்தி 80 மில்லிகிராம் கேப்ஸ்யூலாக்கிய சிலெக்ஸான் என்ற தயாரிப்பை வைத்து ஐரோப்பாவில் பல சோதனைகள் நடந்துள்ளன. 2014இல் வெளியான ஒன்றில், பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 539 பேருக்குப் பத்து வாரங்கள் இந்தக் கேப்ஸ்யூலோ, பதற்றத்துக்கு வழக்கமாகத் தரும் பரோக்ஸடின் மாத்திரையோ, மருந்துப்போலியோ தரப்பட்டது. கேப்ஸ்யூல் எடுத்தவர்களின் பதற்றம் மருந்துப்போலி எடுத்தவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. இவ்வகை ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தயாரிப்பு நிறுவனமே பணம் கொடுத்திருக்கிறது. முடிவை அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை, ஆனால் நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்களும் செய்து பார்க்கும்வரை சற்று நிதானிப்பது நல்லது.

தலையணையில் இரண்டு சொட்டு விடுவது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்தவை. மறதி நோய் உள்ளவர்களின் கலக்கத்துக்கு வாசனைச் சிகிச்சை உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 13 ஆய்வுகளைப் பரிசீலித்தது. நம்பகமான பலனை அதனால் காட்ட முடியவில்லை.

ஆனால் முகர்ந்தவுடன் மனசு லேசாகிறதே, அது பொய்யா?

பொய் இல்லை. மூக்கிலிருந்து வரும் செய்தி, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு மிகக் குறுகிய பாதையில் போய்ச் சேருகிறது. பிடித்த வாசனை மனநிலையை மாற்றுவது இயல்பு. அந்த மாற்றம் உடலுக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான் கேள்வி இருக்கிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 56 பேரை வைத்து இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். எலுமிச்சை எண்ணெய், லாவெண்டர் எண்ணெய், வெறும் தண்ணீர் ஆகிய மூன்றையும் முகர வைத்து, மனநிலையோடு மன அழுத்த ஹார்மோன்கள், வலி தாங்கும் திறன், தோல் ஆறும் வேகம், நோய் எதிர்ப்புச் செயல்பாடு என்று பலவற்றை அளந்தார்கள். எலுமிச்சை வாசனை மனநிலையை உயர்த்தியது. மற்ற அளவுகளை எந்த வாசனையும் நல்ல விதமாக மாற்றவில்லை.

இத்தகைய ஆய்வுகளில் ஒரு தீராத சிக்கல் உண்டு. மாத்திரையில் எது மருந்து, எது போலி என்பதை மறைத்துவிடலாம்; வாசனையை எப்படி மறைப்பது? முகர்பவருக்கு அது தெரிந்துவிடும், எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலைப் பற்றிய காக்ரேன் தொகுப்பில், நறுமண எண்ணெயே அல்லாத ஐசோபுரோபைல் ஆல்கஹால் (ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட்) பஞ்சை முகர்ந்தவர்களுக்கே ஓரளவு பலன் தெரிந்தது. ஆழமாக, நிதானமாக மூச்சை இழுப்பதே பலனில் ஒரு பங்காக இருக்கக்கூடும் என்ற ஐயத்தை இது எழுப்புகிறது.

சளி பிடித்தால் தைலம் தடவியதும் மூக்கு திறந்துவிடுகிறது. கண்கூடான பலன் ஆயிற்றே?

மூக்கு திறந்த உணர்வு உண்மை. மூக்கு திறந்ததா என்பது வேறு. மெந்தால், நரம்பு முனைகளில் குளிரை உணரும் ஏற்பியைத் தூண்டுகிறது. காற்று தாராளமாகப் போய்வரும்போது கிடைக்கும் அதே குளிர்ச்சியை மூளை உணர்கிறது. காற்றோட்டத் தடையைக் கருவியால் அளந்தபோது, மெந்தால் முகர்ந்த பிறகும் அது மாறவில்லை என்று 1980களிலேயே கண்டறிந்தார்கள்.

இருந்தாலும் அந்த உணர்வுக்கே ஒரு மதிப்பு உண்டு. இரண்டு முதல் பதினொரு வயதுக்குட்பட்ட 138 குழந்தைகளிடம் நடந்து 2010இல் வெளியான ஒரு சோதனையில், கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் கலந்த களிம்பைத் தடவிய இரவில் குழந்தைகள் நன்றாகத் தூங்கினார்கள், பெற்றோரும் தூங்கினார்கள். எந்தக் களிம்பு என்பது வாசனையால் தெரிந்துவிடக் கூடாது என்று, பெற்றோரின் மேலுதட்டில் முன்கூட்டியே மெந்தால் களிம்பைத் தடவ வைத்தது அந்த ஆய்வின் நேர்த்தி. களிம்புத் தயாரிப்பாளரே அதற்கு நிதி அளித்தார் என்பதையும், தோலிலும் கண்ணிலும் எரிச்சல் அடைந்த குழந்தைகள் கணிசம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இதைத் தடவவே கூடாது.

கொதிநீரில் தைலம் விட்டுப் போர்வைக்குள் ஆவி பிடிப்பதால் சளிக்குத் தொடர்ச்சியான பலன் நிரூபிக்கப்படவில்லை. பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது மட்டும் நிச்சயமாக நடக்கிறது.

யூகலிப்டஸ் தைலம் ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் வாங்குகிறோம். நம்ம ஊர்ப் பொருளில் என்ன ஆபத்து?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் வலிப்பை உண்டாக்கக்கூடியவை. குடித்தால் மட்டும் என்று இல்லை, அதிகமாக முகர்ந்தாலும் தடவினாலும் அப்படி நேர்ந்திருக்கிறது.

பெங்களூரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர்கள் தென்னிந்திய மருத்துவமனைகள் சிலவற்றில் நான்கு ஆண்டுகள் இதைக் கவனித்தார்கள். வலிப்போடு வந்த 350 பேரில் 55 பேருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, இத்தகைய எண்ணெய்களின் பயன்பாட்டோடு தொடர்பு இருந்தது. சிலருக்கு அதற்குமுன் வலிப்பே வந்ததில்லை. மற்றவர்கள், கட்டுப்பாட்டில் இருந்த வலிப்பு மீண்டும் வந்தவர்கள். வலிப்பு வந்தவரிடம் எந்த மருத்துவரும் தைலம் தடவினீர்களா என்று வழக்கமாகக் கேட்பதில்லை; நாமும் அதை மருந்தென்று நினைத்துச் சொல்வதில்லை. வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் யூகலிப்டஸ், கற்பூரம், ரோஸ்மேரி, சோம்பு வகை எண்ணெய்களை அவர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பது சரியா?

தற்காலிகமாகச் சரி. யூஜினால் அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும். பல் மருத்துவர்களே துத்தநாக ஆக்சைடோடு அதைக் கலந்து பற்குழிகளில் வைக்கிறார்கள். பஞ்சில் மிகச் சிறிதளவு தொட்டுப் பல்லில் மட்டும் வையுங்கள், ஈறு வெந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொத்தையை அது ஆற்றாது. சிறு குழந்தைகள் இதை விழுங்கினால் கல்லீரல் பாதிக்கப்படும்.

முகப்பருவுக்கும் கால் பூஞ்சைக்கும் டீ ட்ரீ ஆயில் போடலாமா?

முகப்பருவில் நம்பிக்கை தரும் ஆய்வு உண்டு. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் வழக்கமான பரு மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பருக்களைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாகவே வேலை செய்தது, ஆனால் தோல் உலர்வும் எரிச்சலும் அதில் குறைவு. ஒப்பிடப்பட்டது 5 சதவீத ஜெல் என்பதைக் கவனியுங்கள், பாட்டிலில் இருக்கும் தூய எண்ணெய் இல்லை.

கால் விரலிடுக்குப் பூஞ்சையில், 10 சதவீதக் களிம்பு அரிப்பைக் குறைத்ததே தவிர பூஞ்சையை ஒழிக்கவில்லை. 25, 50 சதவீதக் கரைசல்களில் மருந்துப்போலியைவிட அதிகம் பேர் குணமானார்கள், சிலருக்குக் கடுமையான தோல் அழற்சியும் வந்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரணப் பூஞ்சைக் களிம்பு இதைவிட உறுதியானது, பெரும்பாலும் விலையும் குறைவு.

ஆய்வகத்தில் கிருமிகளைக் கொல்கிறது என்று நிரூபித்திருக்கிறார்களே, அது போதாதா?

போதாது. கண்ணாடித் தட்டில் வளரும் கிருமியின்மேல் செறிவான எண்ணெயை ஊற்றினால் கிருமி சாவதில் வியப்பில்லை. அதே செறிவு இரத்தத்திலோ நுரையீரலிலோ வரவேண்டும் என்றால், கிருமிக்கு முன்னால் நம் செல்கள்தான் சாகும். தோலின் மேற்பரப்பிலும் வாய்க்குள்ளும் மட்டுமே ஆய்வகச் செறிவை ஓரளவு எட்ட முடியும். தைமால், சினியோல், மெந்தால் சேர்ந்த வாய்கொப்பளிப்பான்கள் பல்லில் படியும் கிருமிப் படலத்தைக் குறைப்பது அதனால்தான்.

இந்த இடைவெளியை மறைத்து வியாபாரம் செய்தவர்கள் உண்டு. எபோலா பரவிய 2014இல், அதைத் தடுக்கும் என்ற பெயரில் நறுமண எண்ணெய்கள் விற்கப்பட்டதால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது.

ரோஸ்மேரி ஆயில், முடி உதிர்வுக்குத் தடவும் மினாக்சிடில் மருந்துக்குச் சமம் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே?

எல்லா வீடியோக்களும் சுட்டுவது ஈரானில் நடந்து 2015இல் வெளியான ஒரே ஆய்வைத்தான். 100 ஆண்கள், ஆறு மாதம். பாதிப்பேருக்கு ரோஸ்மேரி, பாதிப்பேருக்கு 2 சதவீத மினாக்சிடில். இறுதியில் இரு குழுக்களிலும் முடி எண்ணிக்கை சற்றே கூடியது, இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இல்லை. எதுவும் போடாத மூன்றாவது குழு அங்கே இல்லை. ஒப்பிட்ட மினாக்சிடிலும் இன்று ஆண்களுக்கு வழக்கமாகத் தரும் 5 சதவீதம் அல்ல. மேற்கொண்டு சோதித்துப் பார்க்கத் தகுந்த தொடக்கம் என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

கொசுவை விரட்ட எலுமிச்சைப்புல் எண்ணெய், சிட்ரொனெல்லா போதுமா?

டெங்கு பரவும் காலத்தில் போதாது. 2002இல் வெளியான ஒரு நேரடி ஒப்பீட்டில், டீட் என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் ஏறத்தாழ 24 சதவீதம் கலந்த மருந்து ஐந்து மணி நேரம் கொசுக்கடியைத் தடுத்தது. சிட்ரொனெல்லா தயாரிப்புகள் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை.

பாட்டிலில் ‘தெரப்யூட்டிக் கிரேடு, நூறு சதவீதம் தூய்மை’ என்று போட்டிருக்கிறது. அப்படியானால் குடிக்கலாம்தானே?

அந்தத் தரத்தை வழங்கும் சுதந்திரமான அமைப்பு எதுவும் கிடையாது. விற்பவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் பட்டம் அது. தூய்மையாக இருப்பதால் ஆபத்து குறைவதும் இல்லை. வலி நிவாரணத் தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு டீஸ்பூன் அளவில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமான சாலிசிலேட் இருக்கிறது. எண்ணெய் எவ்வளவு தூயதோ அவ்வளவு வேகமாக அது கொல்லும். மருத்துவர் சொன்ன கேப்ஸ்யூலைத் தவிர எந்த நறுமண எண்ணெயையும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

தோலில் நேரடியாகத் தடவலாமா?

நீர்க்காமல் தடவக் கூடாது. 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 12 சொட்டு கலந்தால் ஏறத்தாழ 2 சதவீதம் ஆகும். பெரியவர்களுக்கு அதற்குமேல் வேண்டியதில்லை. முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். திறந்து பல மாதங்களான பாட்டில் காற்றுப் பட்டு மாறியிருக்கும். லாவெண்டரின் லினலூலும், எலுமிச்சை வகைகளில் இருக்கும் லிமோனினும் அப்படி மாறும்போது ஒவ்வாமை தரும் பொருள்களாகின்றன. பிழிந்தெடுத்த பெர்கமாட் (ஆரஞ்சு வகைப் பழம்), எலுமிச்சை எண்ணெய்களைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும்.

குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிலைமை மோசமாகும். வலிப்பு வந்தால் மூச்சுக்குழாயும் அடைபடும். ‘கொஞ்சம்தான் குடித்தது, விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது’ என்று காத்திருக்கவும் கூடாது. யூகலிப்டஸ், கற்பூரம் ஆகியவற்றின் நஞ்சு சில நிமிடங்களிலேயே வேலையைக் காட்டும், ஒரு டீஸ்பூனே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. 108க்கு அழையுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். இருமல் மருந்து வைக்கும் அலமாரியில் இந்தப் பாட்டில்களை வைக்காதீர்கள். அவசரத்தில் பெரியவர்களே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பெரிய ஆய்வு நடக்கவில்லை என்பதற்காக, பாட்டி காலத்து அனுபவத்தைத் தள்ளிவிடலாமா?

தள்ள வேண்டியதில்லை, எதைச் சோதிக்கலாம் என்று காட்டுவதே அந்த அனுபவம்தான். கிராம்பும் ஓமமும் ஆய்வகத்துக்கு வந்தது அப்படித்தான். ஆனால் சளியும் தலைவலியும் தாமாகவே அடங்குபவை. கடைசியாக எதைத் தடவினோமோ அதற்குத்தான் பெயர் கிடைக்கும். பாட்டி பயன்படுத்தியதும் பெரும்பாலும் இலை, கஷாயம், காய்ச்சிய எண்ணெய். முதல் பதிலில் சொன்ன செறிவில் வடித்த எண்ணெயை அவர் கண்டிருக்கவே மாட்டார். அவருடைய அனுபவத்தை இந்தப் பாட்டிலுக்குச் சான்றாகக் காட்டுவது முறையல்ல.

அம்மா கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார். அரோமாதெரபி மசாஜ் செய்யலாமா? கட்டியைக் குறைக்கும் என்றுகூடச் சொல்கிறார்கள்.

கட்டியைக் குறைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் எந்தச் சான்றும் இல்லை; அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்பவரிடமிருந்து விலகி இருங்கள். ஆறுதலுக்காகச் செய்வது வேறு விஷயம். பிரிட்டனில் 288 புற்றுநோயாளிகளிடம் நடந்து 2007இல் வெளியான சோதனையில், நறுமண எண்ணெய் மசாஜ் பெற்றவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் ஆறாவது வாரத்தில் குறைந்திருந்தன. பத்தாவது வாரத்தில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. சிகிச்சைக் காலத்தில் நிம்மதியான சில வாரங்களும் பெரிய விஷயம்தான்.

செய்வதற்கு முன் அவருடைய புற்றுநோய் மருத்துவரைக் கேளுங்கள். கதிர்வீச்சு பட்ட தோல், மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் போர்ட் பொருத்திய இடம், வீங்கிய கை கால், இரத்தக்கட்டு உள்ள இடம் ஆகியவற்றைத் தவிர்த்து மென்மையாகத் தடவ வேண்டும், 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கீமோ எடுப்பவர்களுக்கு நேற்றுப் பிடித்த வாசனை இன்று குமட்டும். சிகிச்சை நாளில் முகர்ந்த வாசனை பிறகு எப்போது வந்தாலும் வாந்தி வருகிற அளவுக்கு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே கீமோ ஏறும் நாளில் எந்த வாசனையும் வேண்டாம். மற்ற நாள்களில் மூடியைத் திறந்து அவரிடம் காட்டி, அவர் சரி என்றால் மட்டும் கலக்குங்கள்.